தவணைப் பிரிவும் அயலக உறையுளும்

1. முன்னுரை

தென்காசிக்கும் குற்றாலத்திற்கும் இடையே, மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் அமைந்தது இலஞ்சி என்னும் ஊர். இலஞ்சி என்னும் சொல் நீர்நிலையையும் குறிக்கும். மகிழ மரத்தையும் குறிக்கும். இரு பொருளும் இவ்வூர்க்குப் பொருந்துவனவே. குமாரக்கடவுள் கோயிலும், அதனை அருணகிரிநாதர் திருப்புகழிற் பாடிய சிறப்பும் இவ்வூர்க்கு உண்டு. ஆனி, ஆடித் திங்களில் தென்மேற்குக் காற்று மலையிடை வழியே சாரலைக் கொணரும்போது வயலும் குளமும் தெருவும் ஒருங்கே குளிரும். பாலைத்திணை பாடிய பண்டைப் புலவர் பிரிவுக்கு நிலமாக வறண்ட காட்டை அமைத்தனர். ஆயினும், பிரிந்து சென்றோர் யாவரும் வறண்ட நிலத்தினின்று புறப்பட்டாரல்லர். நிழலும் நீரும் உடைய இவ்வட்டாரத்தினின்றும் கடல் கடந்து தொழில் நாடிச் சென்றோர் பலர். இன்றும் இப்பகுதி இளைஞர் பலர் சிங்கப்பூர்க்கும் மலேசியாவிற்கும் வளைகுடா நாடுகளுக்கும் இரண்டாண்டு, மூன்றாண்டு ஒப்பந்தத்தின்மேற் செல்கின்றனர்.

இவ்வாறு செல்வோர் வாழ்வு தனித்தன்மை உடையது. அது குடிபெயர்தல் அன்று. ஏனெனில் அவர்தம் வீடும் மனைவி மக்களும் ஊரிலேயே உள்ளனர். அது வெறும் பயணமும் அன்று. ஏனெனில் ஆண்டுக்கணக்கில் அவர் அங்கு உண்டு உறங்கி உழைத்து வாழவேண்டும். ஊன்றவும் இயலாது, ஊசலாடவும் ஆகாது என்னும் இந்நிலையில் ஒருவர் அயல்நாட்டில் அமைந்து வாழ்வது எங்ஙனம்? தமிழர் இவ்வினாவிற்குக் கண்ட விடைகள் யாவை? இவற்றை இலக்கணம், இலக்கியம், கல்வெட்டு, அண்மைக்கால வரலாறு ஆகிய நால்வகைச் சான்று கொண்டு விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கம். தவணை, மொழி, உறையுள் என்னும் மூன்றும் ஒருங்கு அமைந்தவிடத்தே இத்தகைய வாழ்வு தாங்கத்தக்கதாயிற்று என்பதும், அவற்றுள் ஒன்று குறைந்தவிடத்து இடர் விளைந்தது என்பதும் ஈண்டு நிறுவப்படும்.

2. தவணையும் இலக்கண மரபும்

பிரிவைப் பற்றி விரிவாகப் பேசும் இலக்கணம் தொல்காப்பியம். ஓதல், பகை, தூது, பொருள் முதலியன பற்றித் தலைவன் பிரிவான் என அது வகுக்கும். ஆயின், இலக்கணம் காரணங்களை எண்ணிய அளவில் நின்றுவிடவில்லை. பிரிவுக்குக் கால எல்லையும் வரைந்தது. கற்பியலில், கல்வி கருதிய பிரிவு மூன்றாண்டைக் கடவாது என்றும், வேந்தன் பொருட்டு மேற்கொள்ளும் வினை ஓராண்டிற்குள் அடங்கும் என்றும், ஏனைப் பிரிவுகளும் அவ்வியல்பினவே என்றும் ஆசிரியர் கூறுவார். இவ்வெல்லைகளைச் செய்யுள் வழக்கு எனக் கூறி ஒதுக்குதல் பொருந்தாது. எல்லையற்ற பிரிவைக் காதலும் தாங்காது, குடும்பமும் தாங்காது என்னும் உலகியல் அறிவே அவற்றிற்கு அடிப்படையாதல் வேண்டும்.

அகத்திணையியலில் வரும் மற்றொரு விதி, முந்நீர் வழக்கம் மகளிரொடு இல்லை என்பது பற்றியது. இதற்கு உரையாசிரியர் இருவர் இரு வேறு பொருள் கொண்டனர். இளம்பூரணர் முந்நீர் என்பதைக் கடல் எனக் கொண்டு, கடல் வழியே பொருள் தேடச் செல்வோர் மனைவியை உடன்கொண்டு செல்லுதல் இல்லை என்பார். நச்சினார்க்கினியரோ மூன்று நீர்மை எனப் பிரித்து, ஓதல், தூது, பொருள் என்னும் மூன்று பற்றிய செலவும் மனைவியொடு நிகழாது என்பார். எவ்வுரையைக் கொள்ளினும் பொருட்பிரிவு மனைவியை நீங்கிய பிரிவே என்பது பெறப்படும். மனைவி வீட்டில் இருத்தலும், கணவன் குறித்த காலத்தில் மீளுதலும் ஒன்றற்கொன்று ஈடாக நின்றன. உடன்செல்லும் உரிமை இல்லாதவட்கு, மீளும் நாளை அறியும் உரிமையேனும் இருந்தது என்க.

முல்லைத்திணைப் பாடல்கள் இவ்வுரிமையின்மேல் எழுந்தவை. கார்காலத் தொடக்கத்தில் மீள்வேன் எனத் தலைவன் கூறிச் செல்கின்றான், முதல் மழை பெய்கின்றது, அவன் வந்திலன். மழையின் வரவு இயற்கை நிகழ்ச்சியாக நில்லாமல், தவணை முடிந்தது என அறிவிக்கும் முறியாக மாறிவிடுகின்றது. சுவரிற் கோடிட்டு நாளெண்ணும் மகளிரைச் சங்கப் பாடல்களிற் காண்கின்றோம். நாளை எண்ணி எண்ணித் தேய்ந்த விரலைத் திருக்குறளின் அவர்வயின் விதும்பல் என்னும் அதிகாரம் காட்டும். எண்ணுதற்கு ஓர் எல்லை இருந்தமையால் அன்றோ அம்மகளிர் எண்ணினர்? எல்லை அறியப்படாத பிரிவில் கோடிடுதற்குச் சுவரும் போதாது.

3. மொழிபெயர் தேயத்து வாழ்க்கை

வேற்றுமொழி வழங்கும் நாட்டை மொழிபெயர் தேயம் எனப் பழந்தமிழர் வழங்கினர். நாட்டெல்லையை மலையாலும் ஆற்றாலும் மட்டும் குறியாது மொழியாற் குறித்தமை நோக்கத்தக்கது. அயல்நாடு சென்றவனுக்கு முதலில் அயலாவது மண்ணன்று, பேச்சே ஆகும்.

இவ்வுண்மையைத் தமிழ்நாட்டிற்கு வந்து தொழில் செய்த அயலார் வாழ்விலும் காணலாம். முல்லைப்பாட்டில் அரசனது பாசறைக்கண் யவனரும் மிலேச்சரும் காவற்றொழில் புரிகின்றனர். அம்மிலேச்சர் வாயாற் பேசாது உடலசைவால் கருத்தை உணர்த்துவோராகக் காட்டப்படுகின்றனர். கூலிக்கு வந்து, நாட்டுமொழி அறியாது, சைகையால் நாளைக் கழிக்கும் அயலகத் தொழிலாளி பற்றி நம் இலக்கியம் தரும் ஓவியம் இது. இதற்கு மாறான காட்சியை மணிமேகலை தருகின்றது. மகத நாட்டு வினைஞரும், மராட்டக் கம்மரும், அவந்திக் கொல்லரும், யவனத் தச்சரும் தமிழ்நாட்டு வினைஞரொடு கூடி மண்டபம் அமைத்தனர் என அக்காப்பியம் கூறும். முன்னையோர் காவல் நின்றனர். பின்னையோர் கூடி ஆக்கினர். கூடிச் செய்யும் தொழில் இருந்தவிடத்து மொழி வேறுபாடு சுவராக நிற்கவில்லை போலும்.

மணிமேகலையில் வரும் சாதுவன் கதை நம் பொருளுக்கு இன்னும் அணுக்கமானது. ஆதிரையின் கணவனாகிய அவன், சூதில் பொருளிழந்து, வணிகரொடு கலமேறிச் செல்கின்றான். கலம் கவிழ, நாகர் வாழும் மலைப்பக்கத்தில் ஒதுங்குகின்றான். அவனை உண்ணக் கருதி எழுப்பிய நாகர், அவன் தம் மொழியிலேயே விடை கூறக் கேட்டு நின்றுவிடுகின்றனர். தம் தலைவனிடம் அழைத்துச் செல்கின்றனர். அவர்தம் மொழியை அவன் முன்னரே பயின்றிருந்தமையே அவனைக் காத்தது. ஊரிலோ, அவன் இறந்தான் எனக் கேட்ட ஆதிரை தீயுள் புகுகின்றாள். தீ அவளைச் சுடவில்லை. அவன் மீண்டு வருகின்றான். சமயக் கருத்தை உணர்த்த எழுந்த கதையே எனினும், இதனுள் அடங்கிய உலகியல் இரண்டு: அயல்மொழி அறிந்தவன் அங்குப் பிழைப்பான், அவன் செய்தி ஊரை எட்டாதாயின் வீடு அழியும். முன்னதற்கு மொழியறிவும், பின்னதற்கு ஓலையும் ஆளும் வேண்டும்.

4. கல்லிற் கண்ட சான்றுகள்

இலக்கியம் கூறுவதைப் பொருட்சான்றுகள் வலியுறுத்துகின்றன. தாய்லாந்தின் தென்பகுதியிலுள்ள குவான் லுக் பத் என்னுமிடத்தில் கிடைத்த சிறு உரைகல் ஒன்றில் தமிழ்-பிராமி எழுத்துகள் பொறிக்கப்பட்டுள்ளன. அது கி.பி. 3 அல்லது 4ஆம் நூற்றாண்டினது என்பர். பெரும்பத்தன் என்பானது கல் என்பது அதன் பொருள். பத்தன் என்பது பொற்கொல்லனைக் குறிக்கும் சொல். பத்தர் என்னும் வழக்கு இன்றும் உண்டு. அரசரது மெய்க்கீர்த்தியோ வணிகரது கொடையோ அன்று. ஒரு தொழிலாளி தன் கருவி பிறர் கருவியொடு கலந்துவிடாதிருக்கத் தன் பெயரைப் பொறித்துக்கொண்ட செயலே அது. அயலகத்தில் உழைத்த தமிழனின் கையொப்பம் என அதனைக் கூறலாம்.

தாய்லாந்தின் மேலைக் கடற்கரையிலுள்ள தகுவா பா என்னுமிடத்தில் கிடைத்த தமிழ்க் கல்வெட்டு கி.பி. 9ஆம் நூற்றாண்டினது. மூன்றாம் நந்திவர்மனின் சிறப்புப் பெயரால் அவனிநாரணம் எனப் பெயர் பெற்ற குளம் ஒன்று அங்கு வெட்டப்பட்டமையையும், அது மணிக்கிராமத்தார், சேனாமுகத்தார் முதலியோரது அடைக்கலமாக வைக்கப்பட்டமையையும் அது கூறுகின்றது. வணிகக் காற்றின் வரவு நோக்கித் திங்கட்கணக்கில் தங்கியிருக்க வேண்டிய துறையில், தமிழர் முதலிற் செய்த பணிகளுள் ஒன்று குளம் தொட்டது. அதனை ஒருவர் பெயரில் விடாது ஒரு குழுவின் காவலில் வைத்தமையும் கருதத்தக்கது. ஏனெனில் தங்குவோர் மாறுவர், குழு மாறாது.

சுமத்திராவின் பாருசு அருகே கிடைத்த கி.பி. 1088ஆம் ஆண்டுக் கல்வெட்டு, ஐந்நூற்றுவர் என்னும் வணிகக் குழுவினர் அங்குக் கூடி, கலத்தில் வருவோர் செலுத்தவேண்டிய பொன்னை வரையறுத்தமையைக் காட்டும். சீனத்தின் சுவான்சௌ நகரில் கி.பி. 1281இல் சிவன் கோயில் ஒன்று எழுந்தமையை அங்குள்ள தமிழ்க் கல்வெட்டு அறிவிக்கும். அதன் இறுதியில் சீன எழுத்துகளும் காணப்படுகின்றன. குளம், குழு, கோயில் என்னும் மூன்றையும் இச்சான்றுகள் ஒருங்கே தருகின்றன. இவற்றைத் தனியொருவர் அமைத்துக்கொள்ள இயலாது. முன்சென்றோர் பின்வருவோர்க்கு அமைத்து வைத்தவையே இவை.

5. நகரத்தார் கணக்கும் கிட்டங்கியும்

தவணைப் பிரிவை ஒழுங்குற்ற நிறுவனமாக வளர்த்தவர் செட்டிநாட்டு நகரத்தார் ஆவர். 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலிருந்து இலங்கை, பினாங்கு, சிங்கப்பூர், பர்மா ஆகிய இடங்களில் அவர் கொடுக்கல் வாங்கல் தொழில் நடத்தினர். முதலாளி ஊரில் இருக்க, அவர் சார்பில் ஒரு முகவர் அயலகக் கடையை நடத்துவார். அம்முகவர்க்கு வரையறுத்த தவணை பெரும்பாலும் மூன்றாண்டு. இத்தவணையைக் கணக்கு என வழங்கினர். ஒருவர் எத்தனை கணக்குச் சென்று வந்தார் என்பதே அவரது அனுபவத்திற்கு அளவாயிற்று. கல்விக்குத் தொல்காப்பியம் வகுத்த எல்லையும், கொடுக்கல் வாங்கலுக்கு நகரத்தார் வகுத்த எல்லையும் மூன்றாண்டாகவே அமைந்தமை வியத்தற்குரியது. ஒன்றிலிருந்து மற்றொன்று வந்தது எனக் கூறச் சான்றில்லை. மனிதர் பிரிவைத் தாங்கும் அளவை இரு காலத்தாரும் ஒப்ப உணர்ந்தனர் எனக் கொள்ளுதலே தகும்.

புறப்படுமுன் சம்பளச்சீட்டு எழுதப்படும். ஊதியத்தில் ஒரு பகுதி முன்பணமாகக் குடும்பத்தைச் சேரும். அயலகத்தில் உணவும் உறைவிடமும் கடையின் செலவு. தவணை நிறைவுற்றுக் கணக்கை ஒப்படைத்தபின் இலாபத்தில் ஒரு பங்கும் கிடைக்கும். இவ்வேற்பாட்டால் முகவர்க்கு அங்கே செலவும் இல்லை, அங்கேயே நின்றுவிட வேண்டிய காரணமும் இல்லை. கடையில் பெட்டியடிப் பையனாகச் சேர்ந்த சிறுவன் அடுத்தாளாகி, பின்னர் மேலாளாக உயர்வான். புதியவர் தனியே தொழில் பழகியதில்லை. பழையவர் அருகிருந்து பேரேட்டையும், வாடிக்கையாளரையும், அந்நாட்டு மொழியையும் ஒருங்கே பயின்றனர்.

இவர்கள் தங்கிய இடம் கிட்டங்கி. கிடங்கு என்னும் சொல்லோடு உறவுடைய இப்பெயர், பொருள் வைக்கும் இடத்தை மட்டுமன்றி ஆள் தங்கும் இடத்தையும் குறிக்கலாயிற்று. நீண்ட கூடம் ஒன்றில் பல கடைகள் வரிசையாக இருக்கும். ஒவ்வொரு கடைக்கும் உரியவை ஒரு பெட்டி, தாழ்ந்த மேசை ஒன்று, பாய் விரிக்கும் அளவு இடம் ஆகியவையே. பகலில் கடையாக இருந்த இடமே இரவில் படுக்கை. சமையல் பொது. சிங்கப்பூரில் கிட்டங்கிகள் நிறைந்திருந்த சந்தைத் தெருவைத் தமிழர் செட்டித்தெரு என்றே வழங்கினர். கிட்டங்கியொடு சேர்ந்தது கோயில். சிங்கப்பூரில் 1859இல் தெண்டாயுதபாணி கோயில் எழுந்தது. பினாங்கில் அருவி அருகே அமைந்த முருகன் கோயிலைத் தண்ணீர்மலை என அழைத்தனர். அருவியும் மலையும் முருகனும் ஒருங்கே அமைந்த அவ்விடம், இலஞ்சியிலிருந்து சென்ற ஒருவர்க்குத் தம் ஊரையே நினைவூட்டும்.

இவ்வமைப்பின் பயன் தெளிவு. புதியவர் கப்பலினின்று இறங்கிய அன்றே அவர்க்கு உணவு உண்டு, பாய் உண்டு, தம் பேச்சு உண்டு, தவறினால் கேட்போரும் உண்டு. ஆனால், அதன் விலையும் சிறிதன்று. ஆறு கணக்குச் சென்ற ஒருவர் தம் வாழ்நாளில் பதினெட்டாண்டுகளை மனைவி மக்களை நீங்கிக் கழித்தவராவார். குழந்தை பிறந்ததைக் கடிதத்தால் அறிந்து, அது நடக்கத் தொடங்கியபின் முதன்முதலிற் கண்ட தந்தையர் இருந்திருத்தல் வேண்டும். வீட்டை ஆண்டவர் ஆச்சிமார். அயலகக் கணக்கு முகவரிடம் இருப்பினும், வீட்டுக் கணக்கும் மக்கள் வளர்ப்பும் உறவுக் கடமைகளும் மகளிர் கையிலேயே இருந்தன. பர்மாத் தேக்கால் எழுந்த அகன்ற வீடுகளின் தூண்களைக் காண்போர், அவ்வீடுகளில் ஆடவர் இல்லாது கழிந்த ஆண்டுகளையும் உடன் எண்ணுதல் வேண்டும்.

கிட்டங்கிக்கு மற்றொரு குறையும் இருந்தது. உள்ளே இருப்போர்க்கு அது வீடாக இருந்தமையால், வெளியே உள்ளாரொடு கலத்தற்குத் தேவை குறைந்தது. தொழிலுக்கு வேண்டிய அளவில் மொழி பயின்றனர். உறவுக்கு வேண்டிய அளவில் பயின்றாரல்லர். 1930ஆம் ஆண்டையொட்டி எழுந்த உலகப் பொருளாதார வீழ்ச்சியில் நெல்விலை சரிந்தது. பர்மிய உழவர் கடனை அடைக்க இயலாராயினர். ஈடாக வைத்த நிலம் நகரத்தாரைச் சேர்ந்தது. கீழ்ப் பர்மாவின் முதன்மையான நெல் விளையும் மாவட்டங்களில் 1930இல் ஏறத்தாழ நூற்றுக்கு 6 பங்காக இருந்த அவர்தம் நிலவுடைமை, அப்பத்தாண்டு முடியுமுன் ஏறத்தாழ 25 பங்காயிற்று. தங்கிச் செல்ல வந்தவர் விரும்பாமலே நிலக்கிழார் ஆயினர். அந்நாட்டு மக்கள் கண்ணில் அவர் விருந்தினர் நிலையை இழந்தனர். 1942இல் சப்பானியர் படையெடுப்பின்போது பல்லாயிரவர் பர்மாவை விட்டு நீங்கினர். 1948இல் நிலம் அரசுடைமையாக்கும் சட்டம் வந்தது. 1960களின் முற்பகுதியில் வணிகமும் அரசுடைமையாயிற்று. தவணை தவறாது பேணிய அமைப்பும், சுற்றியுள்ள மக்களொடு உறவைப் பேணத் தவறியபோது நிலைகுலைந்தது என்பது இவ்வரலாறு தரும் பாடம்.

6. கடையநல்லூர் கண்ட மாற்றுவழி

இலஞ்சிக்கு அணித்தே உள்ள கடையநல்லூரிலிருந்தும் தென்காசியிலிருந்தும் சென்ற முஸ்லிம்கள் வேறொரு வழியைக் காட்டினர். கடையநல்லூர் நெசவுக்குப் பெயர்பெற்ற ஊர். ஆலைத்துணியின் போட்டியால் கைத்தறி நலிந்த காலத்தில், 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும், இவ்வூரார் பினாங்கிற்கும் சிங்கப்பூர்க்கும் சென்றனர். தொடக்கத்தில் ஆடவர் சென்றனர். பின்னர் மகளிரும் மக்களும் உடன்சென்றனர். அக்காலத்துத் தமிழர் பிறர் பெரும்பாலும் தனித்துச் செல்ல, இவர் குடும்பமாகச் சென்றமை தனிச்சிறப்பு. முந்நீர் வழக்கம் பற்றிய பழைய விதி இவர்களால் தளர்ந்தது எனலாம்.

சிங்கப்பூரில் தஞ்சோங் பகார்ப் பகுதியில் இவர்கள் நெருங்கி வாழ்ந்தனர். மகளிர் அம்மியில் மசாலை அரைத்து விற்றுக் குடும்ப வருவாய்க்குத் துணைநின்றனர். ஈண்டு ஒன்று நோக்குக. கிட்டங்கியில் தமிழ்நாட்டு உணவு தமிழர்க்கே சமைக்கப்பட்டது. இங்கோ, வீட்டு அம்மியில் அரைத்தது தெருவிற்குச் சென்றது. வாங்குவோரொடு விலை பேச அவர்தம் மொழியும் வேண்டியதாயிற்று. தொழிலே மொழியைக் கற்பித்தது. அடுக்களையே அயலாரை அறிமுகம் செய்தது.

மக்கள் உடன்வந்தமையால், கிட்டங்கிக்கு என்றும் எழாத ஒரு வினா இவர்க்கு எழுந்தது: குழந்தைகள் எம்மொழியிற் கல்வி கற்பது? 1941இல் சிங்கப்பூர்க் கடையநல்லூர் முஸ்லிம் லீக் தோன்றியது. போர் முடிந்தபின், 1946இல், அவ்வமைப்பு உமறுப்புலவர் பெயரால் ஒரு தமிழ்ப் பள்ளியை நிறுவிற்று. சீறாப்புராணம் பாடிய புலவரது பெயரைத் தேர்ந்தமையால், ஊரும் சமயமும் மொழியும் ஒரு பெயரில் இணைந்தன. 1960இல் அப்பள்ளியில் உயர்நிலை வகுப்புகளும் தொடங்கின. ஆங்கிலவழிக் கல்வி பெருகித் தமிழ்வழி மாணவர் குறைந்தமையால் 1982இல் பள்ளி மூடப்பட்டது. ஆயினும், உமறுப்புலவர் தமிழ்மொழி நிலையம் என்னும் பெயரில் அப்பெயர் சிங்கப்பூரின் தமிழ்க் கல்வியில் இன்றும் நிலைத்துள்ளது. தென்காசி முஸ்லிம்களும் தமக்கென ஒரு நலச்சங்கம் கண்டனர். தவணையாகத் தொடங்கிய வாழ்வு குடியாக மாறிய வரலாறு இது. மாறிய இடம் எது எனின், பள்ளிக்கூடத்து வாயிலே எனல் வேண்டும். தந்தைக்குத் தவணை இருந்தது; அங்குப் பிறந்து வளர்ந்த குழந்தைக்கு மீளவேண்டிய நாள் என ஒன்றில்லை.

இவ்விரு வழியினரும் சொற்களையும் கொண்டு வந்தனர், கொண்டும் சென்றனர். மலாய் மொழியின் கெதா என்பது கித்தா எனத் திரிந்து ரப்பர் மரத்தையும் பாலையும் குறித்தது. கம்போங் என்பது கம்பம் ஆயிற்று. காலை உணவைப் பசியாறுதல் என வழங்கும் இனிய வழக்கு மலேசியத் தமிழில் நிலைத்துவிட்டது. பர்மாவின் கருநிற அரிசி கவுனி என்னும் பெயரொடு செட்டிநாட்டு விருந்தில் இடம்பெற்றது. தங்கியோர் எந்த அளவிற்கு அவ்விடத்தொடு ஒன்றினர் என்பதற்கு இத்தகைய சொற்கள் ஓர் அளவுகோல். தொழிற்களத்துச் சொல் விரைவில் வரும், வீட்டுச் சொல் மெல்ல வரும், வந்தபின் நீங்காது.

7. இன்றைய நிலை

1970களில் எண்ணெய் வளத்தால் வளைகுடா நாடுகளில் கட்டடத் தொழில் பெருகியபின் தவணைப் பிரிவு புத்துருப் பெற்றது. 1983ஆம் ஆண்டு இந்தியக் குடிப்பெயர்வுச் சட்டம், ஆள்சேர்க்கும் முகவர் பதிவு பெறுதல் வேண்டும் என விதித்தது. அயலகத் தமிழர் நலனுக்கெனத் தமிழ்நாடு அரசு 2011இல் ஒரு சட்டம் இயற்றியது. தவணையும் ஊதியமும் இன்று எழுத்தில் உள்ளன. செய்தி எட்டாது ஆதிரை தீப்புகும் நிலையும் இன்றில்லை. ஒவ்வோர் இரவும் கைப்பேசியில் மனைவியின் முகம் காணலாம். குழந்தையின் முதல் நடையையும் காணலாம்.

எனினும், ஒன்று மாறியுள்ளது. முற்காலத்தில் தங்குமிடத்தைத் தங்குவோரே அமைத்தனர். இன்று அதனை வேலை தருவோர் அமைக்கின்றனர். கிட்டங்கியும் விடுதியும் வெளித்தோற்றத்தில் ஒத்தவை: நீண்ட அறை, நெருங்கிய படுக்கை, ஆடவர் மட்டும். ஆயின், கிட்டங்கியின் ஒழுங்கு உறைவோர் கையில் இருந்தது. விடுதியின் ஒழுங்கு பிறர் கையில் உள்ளது. 2020இல் சிங்கப்பூரின் தொழிலாளர் விடுதிகளில் கொரோனாத் தொற்று விரைந்து பரவியபோது, ஆங்குத் தங்கியோர் நெடுநாள் வெளியேற இயலாதிருந்தனர். நெருக்கடி நேர்ந்தவிடத்துத் தம் இருப்பிடத்தைப் பற்றித் தாமே முடிவு செய்யும் நிலையில் அவர்கள் இல்லை என்பதை அந்நிகழ்ச்சி உலகிற்கு உணர்த்தியது.

கைப்பேசியும் நன்மை மட்டுமே செய்தது எனக் கூறுதற்கில்லை. கடிதம் வரத் திங்களானபோது, சென்றவர் இடைக்காலத்தில் தாம் நின்ற இடத்திலேயே வாழக் கற்றார். இன்று உடல் அங்கும் உள்ளம் இங்குமாக நாள் கழிதல் எளிது. அடுத்த படுக்கையில் உறங்குபவர் பெயரை அறியாதவர், இலஞ்சியில் அன்று சாரல் விழுந்ததா என்பதை அறிவார். ஊர்ச்செய்தி நாள்தோறும் கிடைத்தல் வேறு. தாம் வாழும் இடத்தில் அறிமுகம் பெறுதல் வேறு. முன்னது பின்னதற்கு ஈடாகாது.

8. முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் பெறப்படுவன வருமாறு. அயல்நாட்டில் தவணை வாழ்வு வாழ்வோர்க்கு முதலில் வேண்டுவது மீளும் நாளைப் பற்றிய தெளிவு. அது சென்றவர்க்கு மட்டுமன்றி இருப்பவர்க்கும் உரிய உரிமை என்பதைத் தொல்காப்பியமும் முல்லைப் பாடல்களும் உணர்த்தும். இரண்டாவது, அந்நாட்டு மொழியை உறவுக்கு உதவும் அளவிற் பயிலுதல். சாதுவன் உயிர் பிழைத்தது அதனால். கிட்டங்கி பர்மாவில் தனித்து நின்றது அது குறைந்தமையால். மூன்றாவது, தம்மவரே தம் பொறுப்பில் நடத்தும் பொது உறையுள் அல்லது சங்கம்.

இம்மூன்றாவதே இன்று மிகக் குறைந்து காணப்படுவது. முயன்றால் மீட்டுக்கொள்ளத் தக்கதும் அதுவே. புதியவரை வரவேற்று, ஒப்பந்தத்தைப் படித்து விளக்கி, நோயுற்றபோது உடனிருந்து, நாட்டுமொழியில் நாலு சொல் கற்பிக்கும் சிறு கூட்டம் ஒன்று போதும். அதற்குப் பெரும்பொருள் வேண்டா. கடையநல்லூர் நெசவாளரும் பெருஞ்செல்வராகச் சென்று பள்ளி நிறுவினாரல்லர்.

தகுவா பாவில் குளம் தொட்ட தமிழர், தாம் நெடுநாள் அங்கு இரார் என்பதை அறிந்தே தொட்டனர். தமக்குப்பின் வருவோர் அருந்துதற்காக அதனை ஒரு குழுவின் அடைக்கலத்தில் வைத்துச் சென்றனர். இலஞ்சி என்னும் பெயர்க்கும் நீர்நிலை என்பதே பொருள். இவ்வூரினின்று செல்வோர் தாம் செல்லும் இடத்தில் மண்ணிற் குளம் வெட்டல் இன்று வேண்டா. அடுத்து வருபவர்க்கு உதவும் ஏதேனும் ஒன்றை அங்கு விட்டு வருதல் வேண்டும். அயலகத்தில் அமைந்து வாழ்தல் என்பதன் பொருள் அதுவே எனக் கொள்ளுதல் தகும்.